ஆடி வெள்ளியில் வாங்கிய யென்

சேதுபதி முதலாளிக்கு எழுத்தைவிட ஆளின்மேல்தான் நம்பிக்கை. ஒவ்வோர் ஆடியிலும் ஊருக்குக் கிளம்பும்போது, கடையின் பெயர் அச்சடித்த வெற்றுத் தாள்கள் பத்துப் பதினைந்தில் அடியில் கையெழுத்துப் போட்டு, கணக்குப் பார்க்கும் பிரிஜட்டிடம் கொடுத்துவிட்டுப் போவார். சரக்கு வைக்கிற கிட்டங்கிக்கு வாடகை, சுங்கத்துக்குக் கடிதம் என்று எதற்காவது வேண்டியிருக்கும். சிங்கப்பூர் தேக்காவில் இப்படிச் செய்கிற முதலாளி அவர் ஒருவர்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றைத் தொலைபேசியில் பிடிப்பதற்குள் மாதமே முடிந்துவிடுகிற காலம் அது.

1985 ஆடியில் அந்தத் தாள்களில் ஒன்றை பிரிஜட் எடுத்தாள். அவள் எடுத்த காரியத்துக்கு அவர் அதைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

டன்லப் ஸ்திரீட்டில் இருந்த அந்தக் கடை ஜப்பான் சேலைக்குப் பேர்போனது. மொத்த வியாபாரம். ஜொகூர், மலாக்கா வரைக்கும் சரக்குப் போகும். தீபாவளிச் சேலைகளை ஆனி மாதமே ஒசாகாவிலிருந்து தருவித்துவிடுவார்கள். பணத்தை நவம்பர் கடைசியில், சேலையெல்லாம் விற்ற பிறகு கட்டினால் போதும். ஆனால் சிங்கப்பூர் டாலரான வெள்ளியில் கட்ட முடியாது, யென்னில் கட்ட வேண்டும். அந்த வருஷம் நாலு கோடி யென். நவம்பரில் யென் என்ன விலை விற்கும் என்று எந்த ஜோசியனுக்கும் தெரியாது. விலை ஏறிவிட்டால் சேலையில் பார்த்த லாபம் யென் வாங்குவதிலேயே கரைந்துவிடும்.

இதற்கு வங்கிகள் ஒரு வழி வைத்திருந்தன. நவம்பரில் வேண்டிய யென்னுக்கு இன்றைக்கே விலை பேசி முடித்துக்கொள்ளலாம். பிறகு ஏறினாலும் இறங்கினாலும் பேசின விலைதான். ‘பார்வர்ட்’ என்று அதற்குப் பெயர். வங்கியில் வேலை பார்த்த ஹனீபா கடைக்கே வந்து விளக்கினார். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கடைசியில் நாட்காட்டியைப் பார்த்தார்.

“நாளைக்கு ஆடி பொறக்குது தம்பி. ஆடியில புதுசா ஒப்பந்தம் போடலாமா? ஆவணி பொறக்கட்டும், பார்ப்போம்.”

அத்தோடு விமானம் ஏறிவிட்டார். யென் இதையெல்லாம் கேட்டுக்கொண்டா இருக்கும்?

பிரிஜட்டுக்கும் ஆடி, ஆவணி கிடையாது. சனிக்கிழமை தவறாமல் நொவீனா மாதா கோவிலுக்குப் போய் முழந்தாளில் நிற்கிறவள் அவள். ஆனால் பயம் நிறைய உண்டு. அவள் கணவன் ஆம்ப்ரோஸ் ஜூரோங்கில் கப்பல் பட்டறை ஒன்றில் வெல்டராக இருந்தான். ஜூன் மாதம் அவனோடு ஒரு பெருங்கூட்டத்தையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தோ பாயோ வீட்டுத் தவணை, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, அரிசி, மீன் எல்லாம் இப்போது இவள் ஒருத்தியின் சம்பளத்தில் நடந்தது. தெருவில் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தன. முதலாளிக்கு நட்டம் வந்தால் முதலில் வெளியே போகப்போவது யார் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஜூலை மாதம் முழுக்க யென் ஏறிக்கொண்டே வந்தது. தினமும் காலையில் செய்தித்தாளின் பின்பக்கத்தை விரித்து அந்தச் சின்ன எண்ணைத் தேடுவாள். நேற்றைவிட ஏறியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவளால் தாங்க முடியவில்லை. கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றைத் தட்டச்சில் செருகி, நாலு கோடி யென் நவம்பர் கடைசிக்கு வாங்கச் சொல்லி அடித்தாள். அடித்து முடித்ததும் முதலாளியின் கையெழுத்து கீழே, அவளுடைய வாக்கியங்கள் மேலே, அசல் கடிதம் மாதிரியே இருந்தது.

வங்கியில் ஹனீபா அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். “முதலாளி மனசு மாறிட்டாரா? ரொம்ப நல்லது அக்கா.”

அவள் பதில் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது என்று பஸ்ஸில் வரும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுவாரத்திலிருந்து யென் இறங்க ஆரம்பித்தது.

ஆவணியில் முதலாளி திரும்பி வந்தார். நெற்றி நிறைய விபூதியும் பை நிறைய முறுக்குமாக வந்தவர், பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னால் யென்னைத்தான் விசாரித்தார். இறங்கியிருக்கிறது என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியா பிரிஜட்? அந்தப் பய பேச்சக் கேட்டு அன்னைக்கே வாங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்? ஆடிதான் காப்பாத்துச்சு. இன்னும் இறங்கும், பொறு.”

அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் கொடுத்த முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, “சரிங்க முதலாளி,” என்று மட்டும் சொன்னாள்.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். இவளுக்குக் கனம் மடியில்கூட இல்லை. அதுதான் பெரிய கொடுமை. பார்வர்ட் வாங்கியதைக் கணக்கில் எங்கே எழுதுவது? ஒரு காசு கைமாறவில்லை. சரக்கு வரவில்லை. நவம்பரில் பணம் கட்டும் வரை அந்தக் காலத்தில் யாரும் அதைப் பேரேட்டில் ஏற்றுவதில்லை. கடையின் கணக்கைப் புரட்டுகிறவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் அது இருந்தது, நாளுக்கு நாள் வளர்ந்தது. தொலைபேசி மணி அடித்தால் ஹனீபாவோ என்று அவளே பாய்ந்து எடுப்பாள். தபால்காரரை வாசலிலேயே மறிப்பாள். முதலாளி “பிரிஜட்” என்று சாதாரணமாகக் கூப்பிட்டாலே எழுந்து நின்றுவிடுவாள்.

“எவ்வளவு போச்சு?” என்று ஆம்ப்ரோஸ் கேட்டான். வீட்டில் அவனுக்கு மட்டும் தெரியும்.

“இன்னைக்கு விலைக்குப் பாத்தா ஆறாயிரம் வெள்ளி.”

அவளுடைய எட்டு மாதச் சம்பளம் அது. ஆம்ப்ரோஸ் கோப்பியைக் கீழே வைத்தான்.

“நிஜமாவே போச்சா?”

“போகலைங்க. யென் இறங்குனதால சேலைக் கடனும் அதே அளவுக்குக் குறைஞ்சிருக்கு. ரெண்டையும் சேத்துப் பாத்தா ஒண்ணும் போகல, ஒண்ணும் வரல. அதுக்குத்தானே வாங்குறது.”

“அப்புறம் ஏன் இப்படி நடுங்குற?”

“அவரு சேத்துப் பாக்க மாட்டாரே. இந்த ஆறாயிரத்தத்தான் பாப்பாரு. அதுக்குக் கீழ அவரு கையெழுத்தப் பாப்பாரு. போலீசுக்குப் போனா நான் என்னத்தச் சொல்லுவேன்?”



கடையின் கணக்கு செப்டம்பர் முப்பதோடு முடியும். அதையொட்டித் தணிக்கையாளர் வங்கிக்கு ஒரு கடிதம் அனுப்பச் சொல்வார்: இந்தக் கடையின் பேரில் உங்களிடம் என்னென்ன இருக்கிறது, ஒன்று விடாமல் எழுதுங்கள் என்று. வருஷா வருஷம் அதை அடித்து முதலாளியிடம் கையெழுத்து வாங்குகிறவள் பிரிஜட்தான். இந்த வருஷம் அது அவளைத் தூக்கில் போட அவளே கயிறு திரிக்கிற மாதிரி. வங்கியின் பதிலில் நாலு கோடி யென் பளிச்சென்று இருக்கும்.

நொவீனாவில் அவள் வேண்டிக்கொண்டதைக் கேட்டால் சிரிப்பு வரும். யென் ஏற வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். முதலாளியோ வீரமாகாளியம்மன் கோவிலில் யென் இறங்க வேண்டும் என்று அர்ச்சனை செய்துகொண்டிருந்தார். ஒரே கடையிலிருந்து இரண்டு மனுக்கள் போனால் மேலே இருப்பவர்கள்தான் என்ன செய்வார்கள்?

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை வானொலியில் செய்தி வந்தது. ஐந்து பணக்கார நாடுகளின் நிதி அமைச்சர்கள் நியூயார்க்கில் ஓர் ஓட்டலில் கூடி, அமெரிக்க டாலரின் விலையை இறக்குவதென்று முடிவு செய்திருந்தார்கள். ஓட்டலில் அவர்கள் என்ன சாப்பிட்டார்களோ தெரியாது. தேக்காவில் சேதுபதி முதலாளிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. டாலர் இறங்க இறங்க யென் ஏறியது. சிங்கப்பூர் வெள்ளிக்கு எதிராகவும் ஏறியது. ஒரு வாரம் அவர் ஹனீபாவுக்குத் தொலைபேசிகூடப் போடவில்லை. விலை கேட்கப் பயம். ஜொகூர்க்காரர்களிடம் பழைய விலைக்கே முன்பணம் வாங்கியாகிவிட்டது. இனிமேல் சேலை விலையைக் கூட்டவும் வழியில்லை.

பிரிஜட் பிழைத்துவிட்டாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளுக்கோ பயம் இடம் மாறியதே தவிர இறங்கவில்லை. கையெழுத்து இன்னும் திருட்டுக் கையெழுத்துதான். மாதக் கடைசித் திங்கட்கிழமை, தணிக்கைக் கடிதத்தைக் கையெழுத்துக்கு எடுத்துப் போனாள். முதலாளி கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கையில் பேனா இருந்தது, மூடி திறக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

“கடையை வித்தாக்கூடக் கட்ட முடியாது போலிருக்கு பிரிஜட்,” என்றார் மெதுவாக. “உன் வீட்டுலயும் ஆம்ப்ரோஸுக்கு வேலையில்ல. இந்த நேரம் பாத்து உன்னையும் நிறுத்தணுமேன்னு நெனச்சா...”

இரண்டு மாதமாக அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த முகம்தான் அது. அவளால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“முதலாளி, யென் வாங்கியாச்சு.”

“என்னத்த வாங்கியாச்சு?”

“நாலு கோடியும். நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப. நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த தாள்ல நான்தான் அடிச்சுக் குடுத்தேன். உங்கள கேக்கல. தப்புதான் முதலாளி.”

அவர் அவளையே பார்த்தார்.

“ஆடியிலயா?” என்றார்.

“ஆமாங்க.”

“என்ன கிழமை?”

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. “வெள்ளிக்கிழமை.”

முதலாளி எழுந்து நின்றார். கண்ணை மூடிக் கைகூப்பினார். “ஆடி வெள்ளி,” என்றார். “ஆத்தா, நீதான் இந்தப் பிள்ளை கையில வந்து செஞ்சிருக்க.”

அவ்வளவுதான். போலீஸ் இல்லை, திட்டு இல்லை. ஆடி கூடாது என்று சொன்னவரே ஐந்து நிமிஷத்தில் ஆடி வெள்ளி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். பிரிஜட் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடிப்பதற்குள் அவர் மைத்துனன் சுந்தரத்தைக் கூப்பிட்டு, கோமள விலாசில் லட்டு வாங்கி வரச் சொல்லிவிட்டார்.

லட்டு வந்தது. அதோடு ஆசையும் வந்தது.

“இப்ப அந்த யென்ன வித்தா எவ்வளவு கெடைக்கும்?”

“இருபதாயிரத்துக்கு மேல வரும். ஆனா அது லாபம் இல்ல முதலாளி. அத வித்துட்டா நவம்பர்ல திரும்ப இந்த ஏறின விலைக்குத்தான் வாங்கணும். குடை வாங்கி வச்சோம், மழை வந்துச்சு, நனையல. மழையில போய்க் குடைய விப்பாங்களா?”

முதலாளி சிரித்தார். வியாபாரி அல்லவா, பட்டென்று புரிந்துகொண்டார். “சரி, இத விக்க வேணாம். புதுசா வாங்கு.”

“எதுக்குங்க? கட்ட வேண்டிய பில்லு வேற இல்லையே.”

“பில்லு எதுக்கு? உன் கைராசி இருக்குல்ல. வாங்கி வச்சு, ஏறினதும் வித்துருவோம். உனக்கும் சம்பளத்துல எரநூறு வெள்ளி கூட்டிப் போடுறேன்.” சொல்லிக்கொண்டே மேசை இழுப்பறையிலிருந்து வெற்றுத் தாள்களை எடுத்து, ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

எரநூறு வெள்ளி. வீட்டுத் தவணையில் முக்கால்வாசி. பிரிஜட் அந்தப் பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு கோடி யென்னுக்கு எதிரே நாலு கோடிக்குச் சேலை இருந்தது. அப்படி இருந்தும் இரண்டு மாதம் சோறு செல்லவில்லை. எதிரே ஒன்றுமே இல்லாமல் வாங்கினால் அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். யென் இறங்கினால் அந்த நட்டத்தைச் சேர்த்துப் பார்க்க எதிரே எதுவும் இருக்காது. கையெழுத்து அவருடையது, கைராசி இவளுடையது.

“முதலாளி, ஒண்ணு கேக்கவா? பில்லு இருந்தா மட்டும், பில்லுல எவ்வளவோ அவ்வளவு மட்டும்தான் வாங்கணும்னு பேங்குக்கு ஒரு கடிதம் குடுத்துருங்க. அப்படின்னா எத்தன தாள் வேணாலும் வாங்கிக்கிறேன்.”

பேனா நின்றது. அவர் முகம் வாடிவிட்டது.

“உன்ன நம்பி வெத்துத் தாள்ல கையெழுத்துப் போடுறேன். நீ என்கிட்ட எழுத்துல கேக்குறியா?”

“உங்கள நம்பாம இல்லைங்க. எனக்குப் பயமா இருக்கு.”

“பயந்தவங்களுக்கு இது ஆகாது,” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தாள்களை அடுக்கி சுந்தரத்தின் பக்கம் தள்ளினார். “நீ பாத்துக்கடா.”

சுந்தரத்துக்குப் பயம் என்பது என்னவென்றே தெரியாது. முதலாளியின் மனைவி தங்கத்துக்கு ஒரே தம்பி. சனிக்கிழமை புக்கிட் தீமாவில் குதிரை ஓடினால் அங்கே இருப்பான். தோற்றால் சிரிப்பான், ஜெயித்தால் எல்லாருக்கும் மீ கோரெங் வாங்கிக் கொடுப்பான். நல்ல பையன்தான். ஆனால் நல்ல பையன் என்பதற்காக யாராவது கடையை எழுதிக் கொடுப்பார்களா? வங்கியில் முதலாளியின் கடன் கணக்குக்கு இந்தக் கடையும் அவர் வீடும்தான் ஈடு; யென்னில் பெரிய நட்டம் வந்தால் இரண்டும் வங்கிக்குப் போய்விடும்.

மறுநாள் காலை அவன் ஒரு தாளை அவள் தட்டச்சின் மேல் வைத்தான்.

“அக்கா, இதுல அடிச்சுக் குடுங்க. இருபது கோடி.”

“எத்தன?”

“இருபது. நாலுக்கே இருபதாயிரம்னா, பாருங்களேன். மாமா உங்க கையாலதான் அடிக்கணும்னு சொன்னாரு. ராசியாம்.”

“இறங்கினா என்ன செய்வீங்க தம்பி?”

“இறங்காதுலா. பேப்பர்லயே போட்டிருக்கான், இன்னும் ஏறும்னு.”

முதலாளியைப் போய்ப் பார்த்தாள். “அவன் பாத்துக்குவான், நீ அடிச்சுக் குடு,” என்றார் தலை நிமிராமல். திரும்பி வந்து அடித்தாள். சைபர்களை அடிக்கும்போது ஒன்று கூடுதலாக விழுந்துவிட்டது, அழித்துத் திருத்தினாள். சுந்தரம் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முனைக் கடையில் ஒரு கோப்பி குடித்துவிட்டு டாக்சியில் வங்கிக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினான்.

ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிந்தது. கோப்பிக் கடையில் உட்கார்ந்து யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை. பைக்குள் தாள் இருக்கிற இடம்கூட இங்கிருந்து தெரிந்தது. பிரிஜட் தொலைபேசியை எடுத்தாள், வைத்தாள், மறுபடியும் எடுத்தாள். வங்கியின் எண்ணைச் சுற்றினாள்.

“ஹனீபா தம்பி, பிரிஜட் பேசுறேன். இனிமே எங்க கடையிலேருந்து யென் வாங்க யாரு வந்தாலும் பில்லு கேளுங்க. பில்லு இல்லாட்டி கடிதத்த வாங்காதீங்க. யாரு கையெழுத்து இருந்தாலும் சரி.”

“அரசாங்கம் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டையெல்லாம் எடுத்து ஏழு வருஷமாச்சே அக்கா. இப்பல்லாம் நாங்க பில்லு கேக்குறதே இல்ல.”

“எங்களுக்கு மட்டும் கேளுங்க.”

மறுமுனையில் பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. “சரி, எழுதி வச்சுக்கிறேன். முதலாளி சொன்னாரா?”

எதிரே கோப்பிக் கடையில் சுந்தரம் எழுந்து காசு கொடுத்தான். யென் இனிமேல் இறங்கினால் இவள் எதைத் தடுத்தாள் என்று ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஏறினால் அத்தனை லாபத்தையும் கெடுத்த பாவி இவள்தான். ஆடி வெள்ளி இந்தத் தடவை காப்பாற்ற வராது. ஆம்ப்ரோஸின் முகம் வந்தது, பிள்ளைகளின் முகம் வந்தது. முதுகுக்குப் பின்னால் முதலாளி யாருக்கோ சேலை விலை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரல் பழையபடி தெம்பாக இருந்தது.

“அக்கா, இருக்கீங்களா? முதலாளிதான் சொன்னாரா?”

சும்மா இருந்து தப்பிக்க இந்த முறை வழியில்லை. தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஆமா,” என்றாள். “முதலாளிதான் சொன்னாரு.”